கப்பல் வரட்டும்

தம்பையா கயிற்றை இழுத்தபோது பசுவின் தலை மட்டும்தான் வந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. கொம்பில் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது, கண்கள் திறந்திருந்தன, வாயில் பாதி மென்ற புல் அப்படியே இருந்தது. உடம்பை இழுத்துப்போன தடம் சேற்றில் வாய்க்கால் வெட்டியதுபோலத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மாயாபந்தர் பஜாரிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம் போனால் வரும் உப்பங்கழி அது. ஊரில் அதை கிரீக் என்பார்கள். டிங்கிப் படகில் ஏறும் துறைக்கும் மாட்டைக் கட்டியிருந்த இடத்துக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

தம்பையா தலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். சட்டையெல்லாம் ரத்தம் வழிய பஜாருக்குள்ளேயே நடந்து வந்து, தங்கை பானுவின் வீட்டு வாசலில் தொப்பென்று போட்டான். பானுவின் புருஷன் சுரேந்திரன் அப்போது முன்னறையில், அதாவது தன் ஸ்டுடியோவில், ஒரு லென்ஸுக்கு ரப்பர் ஊதியால் தூசி ஊதிக்கொண்டிருந்தான். ரத்தம் ஒரு துளி தெறித்து ஷோகேஸ் கண்ணாடியில் விழுந்தது. சுரேந்திரன் முதலில் துடைத்தது அந்தக் கண்ணாடியைத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனைப் பற்றிச் சொன்னதாகாது.

"வெடி வாங்கப் போறேன்" என்றான் தம்பையா. "மீனுக்குப் போடுற வெடி. நாலு போட்டா கதம், அதோட முடிஞ்சிது."

"போட்டுட்டு?" என்றாள் பானு. "அதக் கொன்னா ஜெயிலு அண்ணே. வருஷக் கணக்கா உள்ள கெடக்கணும். ஒன் புள்ளைங்கள அந்த மொதலையா வந்து பாக்கும்?"

"பின்ன என்னா செய்யச் சொல்ற? நீயும் நானும் தெனம் அந்தத் தொறையிலதானே டிங்கி ஏறணும். இன்னைக்கி மாடு. நாளைக்கி?"

கிரீக்குக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பாக்குத் தோட்டம் இருந்தது. இலங்கை மலையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். கச்சால் தீவின் ரப்பர் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுனாமி அங்கே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, மாயாபந்தரில் அண்ணனும் தங்கையுமாகக் காடு வெட்டி உண்டாக்கிய தோட்டம் அது. பானு காலையில் போய் மாலையில் திரும்புவாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தச் சேற்றில் கால் வைத்தாக வேண்டும். அடுத்தது யார் என்று தம்பையா கேட்டதற்கு அங்கே இருந்த மூன்று பேருக்கும் பதில் தெரிந்திருந்தது.

மறுநாள் மூவரும் வன அலுவலகத்துக்குப் போனார்கள். ரேஞ்சர் கிருஷ்ணமூர்த்தி பொறுமைசாலி. தம்பையா போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது கட்டை" என்றார்.

"கட்டை இல்ல சாப். மொதல."

"எனக்குத் தெரியுதுப்பா. போர்ட் பிளேர்ல உக்காந்து ஆர்டர் போடுறவருக்கு இது கட்டை. அந்த கிரீக்ல சின்னதும் பெருசுமா ஒரு டஜன் இருக்கு. கூண்டு வச்சா எது விழும்? ஒரு அப்பாவிய புடிச்சிட்டுப் போயிட்டோம்னா, உங்க ஆளு பாட்டுக்குத் துறையிலயே இருப்பான். எந்த முதலைன்னு அடையாளம் வேணும்."

"மேல் ஒதடு பிஞ்சிருக்கும் சாப். பல்லு நாலு வெளிய தெரியும். லோ டைட்ல, தண்ணி வத்துனதும், எதிர்ச் சேத்து மேல ஏறிப் படுத்துக்கும். தொறையிலேர்ந்து முப்பது அடி தூரம் இருக்கும், அவ்வளவுதான். தெனம் பாக்குறேன்."

"அந்த ஒதடு தெரியிற மாதிரி ஒரு படம் குடு. ஒண்ணே ஒண்ணு. என் ஆளுங்க ரெண்டே பேர், பதினாலு கிரீக் பாக்கணும். நீங்க காலைல குடுத்தா சாயங்காலம் ஆர்டர், மறுநாள் கூண்டு."

அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் சுரேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் கேமரா வைத்திருப்பவன் அவன்தானே. பானுவின் முகத்தில் அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பாவம்.

சுரேந்திரன் ஒரு காலத்தில் நிஜமாகவே படம் எடுத்தவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இரவல் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சதுப்புக் காட்டில் மூன்று நாள் உட்கார்ந்து, உடம்பெல்லாம் மணல் ஈ கடித்துத் தடித்துப்போக, ஒரு மீன்கொத்தியைப் படம்பிடித்தான். அந்தப் படம் போர்ட் பிளேரில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது. பானு அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அதைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு கேமரா வந்தது. பிறகு அதைவிட நல்லது. பிறகு அதற்குத் தகுந்த லென்ஸ். ஒவ்வொன்று வரும்போதும் அவன் வெளியே போவது ஒரு படி குறைந்தது. கடைசியாக எட்டு மாதமாக பாஸ்போர்ட் படத்தைத் தவிர அவன் எதையும் எடுத்ததில்லை.

தீவின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஒரு கண்ணாடி அலமாரி செய்து, உள்ளே ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தான். கரண்ட் போனால் வீடு முழுக்க இருட்டு. பானு அடுப்பங்கரையில் போன் வெளிச்சத்தில் மீன் ஆய்வாள். அலமாரி பல்பு மட்டும் இன்வெர்ட்டரில் ஜம்மென்று எரியும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, தன்னிடம் இல்லாத லென்ஸ்களைப் பற்றிய வீடியோக்களை அவன் பார்ப்பான். தீவின் இன்டர்நெட்டுக்கு ஒரு வீடியோ முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமையில் பாதியைக் கிரீக் கரையில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வன அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று அவன் நடையே வேறாக இருந்தது. அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் மேல் ஒன்றரை வருஷமாக அவனுக்கு ஆசை. வாங்க ஒரு நியாயம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தான். இப்போது நியாயம் மாட்டுத் தலையாக வாசலிலேயே வந்து விழுந்துவிட்டது.

"இருக்கிறது இருநூத்தம்பது" என்றான் பானுவிடம். "அது பத்தாது. பல்லு தெரியணும்னா அறுநூறு வேணும். சென்னைல ஒருத்தர்கிட்ட செகண்ட்ஸ் இருக்கு. சொல்லிட்டேன்."

"முப்பது அடியில கெடக்குறத எடுக்க என்னாத்துக்குங்க அவ்வளவு பெருசு?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"நாளைக்கி ஆறு மணிக்கு லோ டைட். இருக்கிறத எடுத்துட்டு வாங்களேன். சரியா வரலேன்னா பொறவு பாப்போம்."

"அரைகுறையா ஒண்ணக் கொண்டுபோய்க் குடுத்து ரேஞ்சர்கிட்ட அசிங்கப்படச் சொல்றியா? கப்பல் வரட்டும்."

கப்பல் வரட்டும் என்பதைத் தீவில் யாரும் சாக்கு என்று நினைப்பதில்லை. வெங்காயம் தீர்ந்தால் கப்பல் வரட்டும். லாரிக்கு டயர் வெடித்தால் கப்பல் வரட்டும். கல்யாணப் புடவைக்கும் கண் கண்ணாடிக்கும் அதே பதில்தான். மெயின்லேண்டிலிருந்து எல்லாமே கடல் கடந்து வந்தாக வேண்டிய ஊரில், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு எதிராளி வாயைத் திறக்க மாட்டார். பானுவும் அங்கே வளர்ந்தவள்தான். அவளும் வாயை மூடிக்கொண்டாள். சென்னையிலிருந்து சுரேந்திரனின் சித்தப்பா மகன் கப்பலில் வரவிருந்தான். விமானக் கூரியரில் தூக்கிப் போட்டு உடைத்துவிடுவார்கள் என்று, லென்ஸை அவன் மடியிலேயே வைத்துக் கொண்டுவர ஏற்பாடு.

கப்பல் வரவில்லை. முதலில் எஞ்சின் கோளாறு என்றார்கள். பிறகு காற்றழுத்தத் தாழ்வு. கடல் ஒரு வாரம் மலை மலையாக எழுந்து கரையை அறைந்தது. தென்னைகள் இரண்டாக முறிந்தன. முதலைக்குக் காற்றழுத்தமும் கிடையாது, எஞ்சின் கோளாறும் கிடையாது. அந்த வாரமே தம்பையாவின் நாய் போனது. துறையில் அவனுக்கு முன்னால் ஓடிய நாய், ஒரு சத்தம், அரைச் சத்தம்தான், அவ்வளவு. தண்ணீரின் மேல் அதன் பின்னங்கால் ஒன்று ஒரு தடவை சுற்றி உள்ளே போனதை அவன் நின்று பார்த்தான்.

அடுத்த வாரம் டிங்கியையே முட்டியது. தம்பையா துடுப்பால் தலையில் ஓங்கி அடித்தான். அது துடுப்பைக் கவ்வி, குச்சி ஐஸை உடைப்பதுபோல உடைத்தது. உடைந்த முனை அவன் தொடையில் நான்கு விரல் ஆழம் இறங்கியது. காயத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டியபடி நேராக ஸ்டுடியோவுக்கு வந்தான்.

சுரேந்திரன் போனில் கப்பல் அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒதட்ட நல்லாப் பாத்தேன் மாப்ள" என்றான் தம்பையா. "ஒரு முழம் தள்ளி. ஒங்க கேமராவுக்கு அது பத்துமா?"

"வியாழக்கெழம கப்பல் கெளம்புதாம் மச்சான். இன்னும் ஒரு..."

பேச்சு முடியுமுன் அறை விழுந்தது. சாதாரண அறை இல்லை. துடுப்புப் போட்டுக் காய்ந்த கை. சுரேந்திரனின் தலை ஷோகேஸில் மோதி, கண்ணாடி கோலமாக விரிசல் விட்டது. அவன் கையில் முதலில் அகப்பட்டது டிரைபாட். முக்காலியை மடக்கியபடியே வீசினான். அது தம்பையாவின் புருவத்தைக் கிழித்தது. பிறகு இருவரும் தரையில் உருண்டார்கள். ஒருவன் தொண்டையில் ஒருவன் கை. மாடும் நாயும் போன ஆத்திரம் ஒருவனுக்கு. தான் செய்யத் தவறியதை ஒருத்தன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்ட ஆத்திரம் மற்றவனுக்கு. அதுதான் இரண்டிலும் மோசமானது. பானு ஓடிவந்து நடுவில் விழுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் வாயில் இடித்து உதடு பிளந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"கேமராவ என்கிட்ட குடுங்க" என்றாள்.

"என்னா?"

"நானே எடுத்துக்கிறேன். தெனம் நான்தானே அங்க போறேன். பட்டன் எதுன்னு மட்டும் காட்டுங்க."

சுரேந்திரன் எழுந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் விரித்து, கண்ணாடிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"அது ஈரக்கையால தொடுற சாமான் இல்ல பானு. அங்க உப்புக்காத்து. சென்சார்ல தூசி பட்டா தொலைஞ்சிது. சென்னைக்குத்தான் அனுப்பணும்."

பானு அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் புருவத்தைத் துடைக்கப் போய்விட்டாள். சுரேந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் கதவை விட்டு நகரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கப்பல் போர்ட் பிளேரைத் தொட்டது. சித்தப்பா மகன் பொட்டலத்தை மாயாபந்தர் பஸ்ஸில் டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்பினான். பஸ் மூன்று மணிக்கு வந்தது. சுரேந்திரன் ஒன்றரை மணியிலிருந்தே ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தான். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஸ்டுடியோவுக்கு வந்து பிரித்துக் கேமராவில் மாட்டினான். கையில் கனத்தது. அந்தக் கனமே அவனுக்கு இனித்தது. பானுவைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று உள்ளே போனான். அவள் தோட்டத்துக்குப் போயிருந்தாள்.

லோ டைட் நாலு மணிக்கு. இன்றைக்கே எடுத்துக் கொண்டுபோய் ரேஞ்சர் மேஜையில் வைத்துவிட வேண்டும். தம்பையா பார்க்க வேண்டும். பானு பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் போகும்போது அவனுக்குப் பழைய சந்தோஷம் ஒன்று நெஞ்சில் முட்டியது. மீன்கொத்தி எடுக்கப் போன நாளின் சந்தோஷம். எட்டு மாதம் கழித்து முதல்முறையாக அவன் ஒரு படம் எடுக்கப் போகிறான். டிரைபாட் அன்றைய சண்டையில் வளைந்துபோனதால் அதை எடுத்து வரவில்லை.

கிரீக்குக்கு மேலே சாலை வளைகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். அங்கிருந்து துறை எழுபது எண்பது மீட்டர். தம்பையாவின் டிங்கி அக்கரையிலிருந்து பாக்கு மூட்டையோடு கிளம்பி வந்துகொண்டிருந்தது. சுரேந்திரன் லென்ஸைத் தூக்கிக் கண்ணில் வைத்தான். எதிர்ச் சேற்றில் முதலை இல்லை. மெல்ல இடப்பக்கம் திருப்பினான். இக்கரைச் சேறு வந்தது, கண்டல் மர வேர் வந்தது, பிறகு படச் சட்டம் முழுக்கப் பானு வந்தாள்.

அண்ணனின் முந்தின நடையில் வந்து இறங்கியிருந்த அவள், தண்ணீரின் விளிம்பில் குந்தியிருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். வலது கையை நீட்டிப் போனைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்திருந்தாள். போன் கேமராவில் தூரத்தில் இருப்பது கட்டையாகத்தான் விழும் என்று வன அலுவலகத்தில் கேட்டிருந்தாள். அதனால் எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போயிருந்தாள். பிளந்து ஆறிய உதடு, கன்னத்தில் ஒட்டிய சேறு, நெற்றி வியர்வை, எல்லாம் கையெட்டும் தூரத்தில் தெரிந்தன. என்ன லென்ஸ் என்றுதான் சுரேந்திரன் முதலில் நினைத்தான். கடவுள் சாட்சியாக அவன் முதலில் நினைத்தது அதைத்தான்.

அவள் முன்னால் தண்ணீரில் கண் இரண்டு மிதந்தன. பிறகு மூக்கு. கிழிந்த மேலுதடு. வெளியே நீட்டிய நாலு பல், மஞ்சளாக, ஒன்று முனை உடைந்து. மூன்று வாரமாக எல்லோரும் கேட்ட படம், மூன்று வாரமாக அவன் மனசில் எடுத்துப் பார்த்த படம். அவன் விரல் தானாகவே ஃபோகஸைத் திருகியது. தூரத்தை ஒட்டவைத்துக் காட்டும் லென்ஸ் அது. முதலைக்கும் அவளுக்கும் நடுவே எத்தனை அடி என்று அதில் தெரியாது. அதைக் காண வெறும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

தண்ணீர் வெடித்தது. பானு எழவே இல்லை. எழுவதற்குள் நீட்டிய கை போனோடு முழங்கைக்கு மேல்வரை அதன் வாய்க்குள் போய்விட்டது. அவள் அலறல் சுரேந்திரனுக்கு லென்ஸில் முதலில் தெரிந்தது, காதில் பிறகுதான் விழுந்தது. கேமராவை எங்கே போட்டான் என்று அவனுக்குத் தெரியாது. சரிவில் விழுந்து உருண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் இடுப்புவரை தண்ணீருக்குள் இருந்தாள். இடக்கையால் கண்டல் வேர் ஒன்றைப் பிடித்திருந்தாள். வேர் பிய்ந்துகொண்டிருந்தது.

சுரேந்திரன் அவள் இடுப்பைக் கட்டிக் காலைச் சேற்றில் ஊன்றி இழுத்தான். அந்தப் பக்கம் இழுப்பது ஒரு லாரி. தம்பையா டிங்கியிலிருந்து அப்படியே அதன் முதுகில் குதித்தான். கையிலிருந்த வெட்டுக்கத்தி தோலில் பட்டு வழுக்கியது. கத்தியைப் போட்டுவிட்டு, உடைந்த துடுப்பின் முனையை அதன் கண்ணில் குத்தினான். மறுபடி குத்தினான். முதலை ஒரு தடவை முழுசாகப் புரண்டது. பச்சை மூங்கில் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

இழுப்பு சட்டென்று நின்றது. சுரேந்திரன் அவளோடு மல்லாக்கச் சேற்றில் விழுந்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அவளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொன்னான். சூடாக ஏதோ அவன் கழுத்தில் பீய்ச்சி அடித்தது. குனிந்து பார்த்தான். முழங்கையோடு கை முடிந்திருந்தது.

தம்பையா தன் தொடைக் கட்டை அவிழ்த்துத் தங்கையின் கையை இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு, எழுந்து, சேற்றில் கிடந்த சுரேந்திரனின் முகத்தில் காலால் உதைத்தான். ஒரே உதை. முன்பல் ஒன்று போனது. சுரேந்திரன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவள் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் அவள் கண் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளும் சுரேந்திரன் வராண்டாவில் உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் கேமராவைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். லென்ஸின் முன்கண்ணாடி நட்சத்திரமாக உடைந்திருந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அந்த ஒரு படத்தைத் திறந்து பார்த்தான். பழுப்பில் நாலைந்து கோடுகள், மேலே கொஞ்சம் பச்சை. முதலையும் இல்லை, பானுவும் இல்லை. அவ்வளவு பெரிய லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கப் பழகிய கை வேண்டும். எட்டு மாதமாக அலமாரிக் கதவைச் சாத்திவைத்திருந்தவன் கையில் அது ஆடத்தான் செய்யும். அவன் வராண்டாத் தூணில் தன் தலையை மோதினான். நர்ஸ் வந்து அதட்டும்வரை மோதிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் காலை, கட்டு மாற்றும் நேரத்தில் கிருஷ்ணமூர்த்தி வந்தார். தம்பையா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். வெடிக்கு ஏற்பாடு செய்துவிட்டான் என்று ஊரே பேசிக்கொண்டது. அவனும் மறைக்கவில்லை.

"மனுஷங்கள அடிச்சாச்சு, ஆர்டருக்கு இனி தடையில்ல" என்றார் ரேஞ்சர். "காயத்தோட படம் ஒண்ணு வேணும். மேல் கைல பல் பதிஞ்ச எடைவெளி தெரிஞ்சா எவ்வளவு பெரிய முதலைன்னு கணக்கு வரும். இன்னைக்கே கூண்டு இறக்கிடுறேன். அதுவரைக்கும் இவரு அந்தப் பக்கம் போகாம பாத்துக்கம்மா. ஒரு முதலைக்காக உங்க அண்ணன நான் உள்ள போட வேண்டியதாயிடும்." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வேணாம் சார்" என்றாள் பானு. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. குரல் கரகரத்தது. "அவரு எடுக்கட்டும்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சுரேந்திரன் உள்ளே வந்தான். உடைந்த லென்ஸைக் கழற்றினான். கேமராப் பையின் அடியில் பழைய குட்டி லென்ஸ் ஒன்று கிடந்தது. கேமராவோடு இலவசமாக வருவது, பாஸ்போர்ட் படத்துக்கு வைத்திருந்தது. அதை மாட்டினான். கட்டிலுக்கு அருகில் போனான். நர்ஸ் கடைசிச் சுற்றுத் துணியைப் பிரித்தாள்.

தையல் போட்டு மூடிய சதை கருநீலமாக வீங்கியிருந்தது. அதற்கு மேலே தோள்வரை வரிசையாகப் பல் குழிகள், எண்ணிவிடலாம். சுரேந்திரன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டு இறக்கினான்.

"இங்க வெளிச்சம் பத்தல" என்றான். "டியூப்லைட்டு ஒரே மஞ்சளா அடிக்கிது. வீட்ல ஃபிளாஷ் இருக்கு. பத்து நிமிஷத்துல போயி எடுத்துட்டு..."

தம்பையா ஒரு அடி முன்னால் வந்தான். ரேஞ்சர் அவன் தோளைப் பிடித்தார்.

பானு தலையணையிலிருந்து தலையை லேசாக உயர்த்திப் புருஷனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் கண்ணில் கோபம் இல்லை. மிச்சமிருந்த கையைத் தன் பக்கத்தில், கட்டிலின் விளிம்பில் தட்டிக் காட்டினாள்.

"இருக்கிறத வச்சி எடுங்க" என்றாள். "கிட்ட வாங்க."

அவன் கிட்டே போனான். முட்டி போட்டுக் கட்டிலில் முழங்கையை ஊன்றினான். அவளுடைய மருந்து வாசனையும் அவனுடைய ரத்தம் கசியும் வாய் வாசனையும் ஒன்றாக வீசின. எட்டு மாதம் கழித்து, இரண்டடி தூரத்திலிருந்து, ஒரே ஒரு படம் எடுத்தான்.

கிருஷ்ணமூர்த்தி அதைக் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு தையலும், உடைந்த பல் இறங்கிய இடத்தின் கோணல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. இது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார்.